பேரிப்பள்ளத்தில் நான் சேர்த்த புள்ளி

காரைக்குடி ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருக்கிற நீங்கள் ஐந்து பேரும் போன ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வந்தீர்கள். தந்தி அடிப்பதில் கைக்கு வேகம் எப்படி வரும் என்று கேட்டீர்கள். அது தானாக வரும். ஆறு மாதம் போனால் சோற்றுத் தட்டின் விளிம்பிலும் விரலால் தட்டிக்கொண்டிருப்பீர்கள். வீட்டில் உள்ளவர்கள் முறைப்பார்கள். கையைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. காது நன்றாகப் பழகிய பிறகு ஓர் ஆபத்து வரும். அதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதித் தருகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நடந்தது. எனக்கு இருபத்தாறு வயது. மானகிரியில் பயிர் வைக்கிற ஒரு சம்சாரி வீட்டில் பிறந்தவன். கண்மாயையும் கரிசலையும் செம்மண்ணையும் தவிர வேறு பூமியைப் பார்த்ததில்லை. என்னைத் தூக்கி மேற்கு மலையில் பேரிப்பள்ளம் என்ற ஊருக்குப் போட்டார்கள். போஸ்ட்மாஸ்டரும் நான்தான், தந்தி வாங்குகிறவனும் நான்தான். கடிதம் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு தபால்காரர் இருந்தார். அவ்வளவுதான் ஆபீஸ்.

நாலு பக்கமும் மலை. நடுவில் ஊர். காலையில் பார்த்தால் கிண்ணத்தின் அடியில் மிச்சம் கிடக்கிற மோர் மாதிரி பள்ளத்தில் பனி கிடக்கும். பத்து மணிக்கு அது மெதுவாக மேலே ஏறும். முதலில் ஓடைச் சத்தம் கேட்கும், பிறகு ஓடை தெரியும். அப்புறம் ஒவ்வொரு தோட்டமாக, யாரோ திரையை இழுக்கிற மாதிரி வெளியே வரும். கீழ்ச்சரிவில் ஆரஞ்சு, நடுவில் பிளம்ஸும் பீச்சும், மேட்டில் பேரி. பேரி பூக்கிற மாதத்தில் மலை முழுக்க வெள்ளையாகிவிடும். பனி எது, பூ எது என்று பிரிக்க முடியாது. நான் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு முத்திரை குத்துவேன். சில நாள் எத்தனை கடிதத்துக்குக் குத்தினேன் என்பதே தெரியாது. வெயிலில் வளர்ந்தவனுக்கு அந்தக் குளிர் ஒரு மயக்கம்.

தபால் பைகளுக்கே பழ வாசனை உண்டு. சீசனுக்கு வந்தவர்கள் கீழே இருக்கிற சொந்தக்காரர்களுக்குக் கூடை கூடையாகப் பழம் அனுப்புவார்கள். முதல் வருடம் ஒருவர் நன்றாகக் கனிந்த பிளம்ஸைக் கொண்டுவந்தார். வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். பெரிய மனிதர் என்பதால் வாங்கிக்கொண்டேன். பை திண்டுக்கல் போவதற்குள் கூடை நசுங்கி, சாறு கடிதங்களில் எல்லாம் இறங்கிவிட்டது. காரைக்குடியில் ஒரு வீட்டில் சிவப்புக் கறையோடு கடிதத்தைப் பார்த்து, மலையில் ஏதோ வெட்டுக்குத்து நடந்துவிட்டது என்று அழுதிருக்கிறார்கள். கடைசியில் ஒருவர் உறையை மோந்து பார்த்து, "இனிப்பா மணக்குது, அழாதீக" என்று சொன்ன பிறகுதான் பிரித்துப் படித்தார்களாம். அன்றிலிருந்து கூடையை அழுத்திப் பார்க்காமல் நான் வாங்கியதில்லை. அது சிரித்துக்கொண்டு சொல்லக்கூடிய தப்பு. சொல்ல வந்தது அதுவல்ல.

சித்திரை பிறந்ததும் நம் பக்கத்து நகரத்தார் குடும்பங்கள் வந்து இறங்கும். அம்மிக்கல், வற்றல், வடகம், சமையல்காரர் என்று ஒரு வீட்டையே பெயர்த்துக்கொண்டு வருவார்கள். காரைக்குடியில் ஒரு வீட்டுப் பெண் இன்னொரு வீட்டுக்குப் போவதென்றால் கல்யாணமோ சாவோ ஒரு காரணம் வேண்டும். இங்கே நாலு பீச் பழம் போதும். கம்பளிச் சட்டையைச் சேலைமேல் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வீடு நடந்துகொண்டே இருப்பார்கள். போகிற வழியில் தபாலாபீசில் ஒரு நிமிடம் நிற்பார்கள். ஊரில் ஏறெடுத்துப் பார்க்காதவர்கள் இங்கே என்னோடு மழையைப் பற்றிப் பேசினார்கள். நான் மானகிரி என்று தெரிந்ததும், "நம்ம ஊருப் புள்ளயா" என்று ஒரு பழம் கூடுதலாகக் கொடுப்பார்கள்.

அந்த வருடம் இரண்டு வள்ளியம்மைகள் வந்திருந்தார்கள். இரண்டு பேரும் காரைக்குடியில் வாழ்க்கைப்பட்டவர்கள். உங்களுக்குத்தான் தெரியுமே, செட்டிநாட்டில் ஒரே பெயர் வீட்டுக்கு வீடு இருக்கும். ஆளைப் பிரித்துக் காட்டுவது குடும்பத்தின் விலாச எழுத்துகள்தான். ஒருவர் ஏ.எல். வீடு. மற்றவர் ஏ.ஆர். வீடு. நகரத்தார் பெண்களை வயது பார்க்காமல் ஆச்சி என்போம் இல்லையா, மலையில் எல்லோரும் ஏ.எல். வீட்டவரைப் பெரிய ஆச்சி, ஏ.ஆர். வீட்டவரைச் சின்ன ஆச்சி என்று சொல்லி வைத்துக்கொண்டோம்.

பெரிய ஆச்சிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கனத்த குரல், வேகமான நடை. தினமும் பதினொரு மணிக்குக் கூடையோடு வருவார். "நாச்சியாபுரத்துல இருந்து ஏதும் வந்திருக்கா தம்பி?" என்பார். இல்லை என்றால், "வராததும் நல்லதுதான்" என்று சொல்லிவிட்டுக் கூடையைக் கட்ட ஆரம்பிப்பார். நாச்சியாபுரத்தில் அவருடைய அப்பச்சி, எண்பது வயதுத் தகப்பனார், படுக்கையில் இருந்தார். ஆச்சி தன் மகளுக்கு அவரைக் கேட்காமல் சம்பந்தம் பேசிவிட்டதில் மனத்தாங்கல். "அவுக கல்யாணத்துக்கு வரலை. நானும் அங்குட்டுப் போகலை. பேசி நாலு வருசமாச்சு" என்று ஒரு நாள் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டே சொன்னார்.

சின்ன ஆச்சிக்கு இருபது வயது. தை மாதத்தில் முதல் குழந்தை பிறந்து ஒன்பதாம் நாள் போய்விட்டது. உடம்பு தேறட்டும் என்று மாமியார் மலைக்கு அழைத்து வந்திருந்தார். வந்த புதிதில் அந்தப் பெண் யாரையும் பார்க்கமாட்டார். பிறந்த வீடு புதுவயல். தகப்பனார் நெல் வியாபாரம். ஐம்பது வயதுகூட ஆகாதவர். வாரம் ஒரு கார்டு போடுவார். கார்டைப் படிக்கக் கூடாது என்பது விதி. நான் படித்தேன். "மலைக்குளிரில் உனக்குப் பல் கிட்டினால் எழுது, புதுவயல் வெயிலில் கொஞ்சம் உறையில் போட்டு அனுப்புகிறேன்" என்று எழுதியிருப்பார். அந்தப் பெண் ஆபீஸ் வராந்தாவின் ஓரத்தில் நின்று படிப்பார். முதல் கார்டுக்கு உதடு மட்டும் அசைந்தது. நாலாவது கார்டுக்குச் சிரித்தார். நான் உள்ளே இருந்து அதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு அந்தக் கார்டுக்கு நானும் காத்திருக்க ஆரம்பித்தேன்.

அன்றைக்குப் புதன்கிழமை. பதினொரு மணி ஆகியும் பனி ஏறவில்லை. தூறல். கம்பிகள் நனைந்தால் தந்திக் கருவியின் சத்தம் நீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி மங்கிவிடும். பதினொன்றரைக்குக் கருவி கூப்பிட்டது. பென்சிலை எடுத்தேன். ஆங்கிலத்தில் வந்ததைத் தமிழில் சொல்கிறேன்: "வள்ளியம்மை, ஏ.ஆர்., பேரிப்பள்ளம். தகப்பனார் இன்று காலை காலமானார். உடனே புறப்படவும்." காரைக்குடியில் கொடுக்கப்பட்டது; நாச்சியாபுரமானாலும் புதுவயலானாலும் தந்தி அங்கிருந்துதான் வரும். அனுப்பியவர் பெயர் இல்லை.

ஆர் என்ற எழுத்துக்குத் தந்திச் சத்தத்தில் குறில், நெடில், குறில். எல் என்ற எழுத்துக்கும் அதேதான். கடைசியில் ஒரு குறில் கூடுதல். தாளில் எழுதினால் ஒரே ஒரு புள்ளிதான் வித்தியாசம். என் காது கேட்டது ஆர். அதற்குப் பின்னால் ஏதோ ஒரு சின்னக் கொறிப்பு இருந்தது. கம்பியில் மழை தட்டியதாக இருக்கலாம். திரும்பச் சொல்லும்படி கீழே கேட்டேன். பதில் ஆரம்பித்து, பாதியில் நின்றுவிட்டது. லைன் செத்துவிட்டது. மலைப்பாதையில் எங்கோ மரக்கிளை விழுந்திருக்க வேண்டும்.

கீழே போக ஒரே பஸ், மதியம் ஒரு மணிக்கு. அதைப் பிடித்தால் ரயில் மாறி விடியற்காலையில் காரைக்குடி. விட்டால் மறுநாள்தான்.

நிமிர்ந்து பார்த்தேன். கவுண்டருக்கு அந்தப் பக்கம் பெரிய ஆச்சி இரண்டு கூடைகளோடு நின்றுகொண்டிருந்தார்.

"என்ன தம்பி, தந்தியா? மொகம் ஏன் இப்புடிப் போச்சு?"

நான் கையில் இருந்த தாளைத் திருப்பி வைத்தேன்.

"நாச்சியாபுரமா?"

அந்த இரண்டு நிமிடத்தை நான் எத்தனையோ வருடம் பிரித்துப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம் படுக்கையில் கிடக்கிற எண்பது வயதுக் கிழவர். மறுபக்கம் வெயிலை உறையில் அனுப்புகிறேன் என்று எழுதுகிற மனிதர். எது நடக்கக்கூடியது என்று குழந்தைக்கும் தெரியும். அது மட்டும் என்றால் என்னை மன்னிக்கலாம். உண்மை இன்னொன்று. அந்தக் காகிதத்தோடு ஓடையைத் தாண்டி மேடேறி, நாலு மாதத்துக்கு முன்னால் குழந்தையைப் புதைத்த பெண்ணின் முன்னால் போய் நிற்க எனக்குக் கால் வரவில்லை. அவருக்கு இது வரக் கூடாது என்று என் மனசு ஆசைப்பட்டது. ஆசைப்பட்ட உடனே காது சாட்சி சொல்லிவிட்டது. ஆமாம், அந்தக் கொறிப்பு ஒரு குறில்தான், நான் கேட்டேன், தெளிவாகக் கேட்டேன். ஆர் என்ற எழுத்தைப் பென்சிலால் அடித்துவிட்டு எல் என்று எழுதினேன். நல்ல படிவத்தில் மையால் பிரதி எடுத்தேன். கை நடுங்கவே இல்லை.

"படிச்சுச் சொல்லுங்க தம்பி" என்றார் ஆச்சி. படித்தேன்.

அவர் அழவில்லை. பார்சல் வைக்கிற பெஞ்சில் உட்கார்ந்தார். "நாலு வருசம்" என்றார். கூடையின் காதைப் பிடித்துக்கொண்டு, "வீம்பு புடிச்சுக்கிட்டு இருந்துட்டேனே" என்றார். பிறகு எழுந்து, "இந்தக் கூடைகள அனுப்ப வேணாம். இங்குட்டே யாருக்கும் குடுத்துருங்க" என்று சொல்லிவிட்டுத் தூறலில் இறங்கிப் போனார்.

ஒரு மணிக்கு நானே போய் அவருடைய பெட்டியைப் பஸ்ஸில் ஏற்றினேன். குடை பிடித்தேன். பஸ் பனிக்குள் போய் மறையும்வரை நின்றேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்போது எனக்கு ஒரு நிறைவு இருந்தது. கஷ்டமான வேலையை நல்லபடியாகச் செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே ஆபீசுக்குத் திரும்பினேன்.

மூன்று மணிக்கு வெயில் வந்தது. மழைக்குப் பிறகு அந்தப் பள்ளத்தாக்கில் வருகிற வெயிலைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு இலையிலும் ஒரு விளக்கு. எங்கோ தோட்டத்தில் பழம் பறிக்கிறவர்கள் பாடுவது, எவ்வளவு தூரம் என்று சொல்ல முடியாதபடி, பக்கத்திலும் இல்லாமல் தொலைவிலும் இல்லாமல் மிதந்து வந்தது. ஐந்து மணிக்கு மேலே வருகிற பஸ்ஸில் தபால் பை வந்தது. பிரித்தேன். புதுவயல் கார்டு இருந்தது.

"வெள்ளிக்கிழமை பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்து வருகிறேன். வளைவுகளில் எனக்குத் தலை சுற்றும். ஒரு எலுமிச்சம்பழத்தோடு வந்து நில். உன் மாமியார் முன்னால் வாந்தி எடுத்தால் மரியாதை போய்விடும்."

பார்த்தாயா, மனுசன் நன்றாக இருக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திங்கட்கிழமை எழுதிய கார்டு அது. திங்கட்கிழமை அவர் நன்றாகத்தான் இருந்தார்.

சின்ன ஆச்சியும் மாமியாரும் உலாவ வந்தவர்கள் கார்டை வாங்கிக்கொண்டார்கள். பெண் வராந்தாவில் நின்று படித்தார். வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தார். மாமியார் என்னிடம், "பெரிய ஆச்சியோட அப்பச்சி தவறிட்டாகளாமே. ஊருக்குப் போனதும் துக்கம் கேக்கணும்" என்றார். "ஆமாம் ஆச்சி" என்றேன். அவர்கள் பிளம்ஸ் தோட்டத்தின் வேலி ஓரமாக நடந்து போனார்கள். அந்தப் பெண் போகிற வழியில் குனிந்து எதையோ எடுத்து மோந்து பார்த்ததுகூட எனக்கு நினைவிருக்கிறது.

மறுநாள் காலை ஏழரைக்கு லைன் உயிர் பெற்றது. முதலில் வந்தது என் கேள்விக்குப் பதில். "ஏ.ஆர். சரி." அதன் பின்னாலேயே அடுத்த தந்தி: "வள்ளியம்மை, ஏ.ஆர். ஏன் இன்னும் புறப்படவில்லை. காத்திருக்கிறோம்."

தந்திச் சாவியில் கை வைத்து, காரைக்குடிக்கு அடித்தேன். தாமதம் என் பிழை, இன்று எப்படியும் புறப்பட்டு வருகிறார்கள், முடிந்தவரை காத்திருக்கவும் என்று அந்த வீட்டாருக்குச் சொல்லச் சொன்னேன். ஆபீசைப் பூட்டினேன். வேலை நேரத்தில் பூட்டக் கூடாது. பூட்டிவிட்டு ஓடினேன். வழியில் தோட்டக் கொட்டகையில் கீழ்நாட்டுக்குப் போகிற லாரியில் பீச் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். டிரைவரிடம் இரண்டு பெண்களை அழைத்துப் போக வேண்டும், சாவு என்றேன். அவர் பெட்டிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முன்சீட்டில் இருந்த சாக்கை எடுத்து வெளியே போட்டார்.

சின்ன ஆச்சி முற்றத்தில் தலையை உலர்த்திக்கொண்டிருந்தார். மாமியார் பக்கத்தில் இருந்தார். சொன்னேன்.

கையில் இருந்த துண்டை மடித்து வைத்தார். மடிக்க நேரம் எடுத்துக்கொண்டார்.

"எப்ப?"

"நேத்துக் காலையில ஆச்சி."

"தந்தி எப்ப வந்துச்சு?"

"நேத்துப் பதினொன்றரைக்கு."

அவர் என்னையே பார்த்தார். "நேத்துச் சாயங்காலம் கார்டு குடுத்தீகளே."

"ஆமாம் ஆச்சி."

மாமியார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். எழுத்து மங்கலாக இருந்தது, ஆர் என்று எழுதியதை நானே எல் என்று மாற்றினேன் என்றேன்.

"ஏன் மாத்துனீக?"

"உங்களுக்கு வந்திருக்கக் கூடாதுன்னு நினைச்சேன்."

"அத நெனைக்க நீக யாரு?"

சத்தமாகச் சொல்லவில்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி கேட்டார். கீழே லாரி காத்திருக்கிறது என்றேன்.

லாரி ஊரை விட்டுப் புறப்படுவதற்குள் எட்டரை ஆகிவிட்டது. புதுவயலில் பிற்பகல் மூன்று மணிவரை வைத்திருந்தார்கள். வைகாசி வெயில். அதற்குமேல் முடியவில்லை, எடுத்துவிட்டார்கள். அந்தப் பெண் விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார். அவருடைய தகப்பனார் புதன்கிழமை காலை நெல் மூட்டைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விழுந்தாராம். இதெல்லாம் பிறகு எனக்குத் தெரிந்தது.

பத்து நாள் கழித்துப் பெரிய ஆச்சி மேலே வந்தார். வீட்டைக் காலி செய்து சாமான்களை எடுத்துப் போக. ஆபீஸ் படியேறி வரும்போது நான் எழுந்து நின்றேன். திட்டட்டும், அடிக்கட்டும் என்று நின்றேன்.

"ஒக்காருங்க தம்பி" என்றார். அவரும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தார். "வெடியக் காலையில நாச்சியாபுரத்துல எறங்கி, தெருவுல இருந்தே அழுதுக்கிட்டுப் போனேன். உள்ள போனா அப்பச்சி தலகாணியில சாஞ்சு கஞ்சி குடிச்சுக்கிட்டு இருக்காக. 'யாரு செத்துட்டாகன்னு அழுகுற?'ன்னு கேக்குறாக. காலப் புடிச்சுக்கிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. எட்டு நாள் கூடவே இருந்தேன். நாந்தான் கஞ்சி ஊத்துனேன். இத்தனை நாளு என்னத்துக்குப் பேசாம இருந்தோம்னு ரெண்டு பேருக்குமே சொல்லத் தெரியலை." ஜன்னல் வழியாக எதிர்மேட்டைப் பார்த்தார். சின்ன ஆச்சி இருந்த வீடு பூட்டிக் கிடந்தது. "ஒங்க தப்பு எனக்கு நல்லதாப் போச்சு தம்பி. ஆனா அத அந்தப் புள்ளைகிட்டச் சொல்லிராதீக. நீகளும் அதச் சொல்லி மனசத் தேத்திக்கிராதீக."

அவர் அப்படிச் சொல்லியிருக்காவிட்டால் நான் தேற்றிக்கொண்டிருப்பேன். கணக்கு நேராகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

அந்த மாதமே மேலதிகாரி விசாரிக்க வந்தார். கெட்டவர் இல்லை. நான் பென்சிலால் எழுதிய முதல் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அடிக்கப்பட்ட ஆர் என்ற எழுத்தைப் பார்த்தார். "ரெண்டு வீட்டுக்காரர்களும் புகார் கொடுக்கவில்லை. லைன் கோளாறு என்று எழுதினால் பொய்யும் இல்லை. இந்தத் தாள் பழச்சாறு பட்டுக் கெட்டுப்போயிருக்கலாம்" என்றார். அந்த ஆபீசில் அது யாரும் நம்பக்கூடிய காரணம். எனக்கு நாக்கு வரை வந்துவிட்டது, சரி சார் என்று. அந்தப் பெண் துண்டை மடித்தது கண்ணில் நின்றது. தாள் கோப்பிலேயே இருக்கட்டும் சார் என்றேன். அவர் தாளைக் கோப்பில் வைத்துக் கட்டினார். போகும்போது, "உன் காது நல்ல காது, அதனால்தான் இந்தத் தப்பு வந்தது" என்று மட்டும் சொன்னார். எனக்கு வரவேண்டிய உயர்வு நின்றது. மாற்றலும் தள்ளிப்போனது. இன்னும் இரண்டு வருடம் அந்தப் பனிக்குள்தான் இருந்தேன்.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்பீர்கள். அது அவ்வளவு கடினமில்லை. பெரிய ஆச்சியிடம், எழுத்து தெளிவில்லை, இது உங்களுக்கும் இருக்கலாம், சின்ன ஆச்சிக்கும் இருக்கலாம், தாளில் இருப்பது ஆர் என்று சொல்லியிருக்க வேண்டும். அந்தத் தாளோடு ஓடையைத் தாண்டிப் போய் அங்கேயும் அதையே சொல்லியிருக்க வேண்டும். ஒன்றரை மணி நேரம் இருந்தது. இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போயிருப்பார்கள். அந்தப் பஸ்ஸை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், நடக்காத ஒன்றைக் கண்ணால் பார்க்க முடியும் என்றால். பனிக்குள் வளைந்து வளைந்து இறங்குகிறது. இரண்டு வள்ளியம்மைகள் ஒரே சீட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். மடியில் ஒரே தந்தி. பெரியவர் சின்னவரின் கையைப் பிடித்திருக்கிறார். யாருடைய சாவு என்று தெரியாமலே இரண்டு பேரும் சேர்ந்து அதைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். மனிதர்களுக்கு அது முடியும். முடியாது என்று நான்தான் அவர்களுக்காக முடிவு செய்துவிட்டேன்.

சந்தேகம் வருவது தப்பில்லை. லைன் இருக்கிற வரை சந்தேகம் வரும். அந்தச் சந்தேகத்தை நம் மேஜையிலேயே தீர்த்துவிட்டு, சுத்தமான படிவத்தில் அழகாக எழுதிக் கொடுக்கிறோமே, அங்கேதான் தப்பு. மங்கலாக வந்ததை மங்கலாகவே கொடுங்கள். கொடுக்கிறபோது உங்கள் நெஞ்சு எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். கெட்ட எண்ணத்தில் மாற்றுகிறவன் பயந்து பயந்து மாற்றுவான், அவன் கை நடுங்கும். நல்ல எண்ணத்தில் மாற்றுகிறவனுக்குக் கை நடுங்காது. எனக்கு நடுங்கவில்லை என்று சொன்னேனே.

அடுத்த வருடம் சீசனுக்குப் பெரிய ஆச்சி வரவில்லை. சின்ன ஆச்சி வந்தார். உடம்பு தேறியிருந்தது. பேரி மரங்களில் பூ கொட்டி முடிந்து, பனி பாதி ஏறியிருந்த ஒரு காலையில் தனியாக ஆபீசுக்கு வந்தார். நான் எழுந்தேன். அவர் ஒரு தந்திப் படிவம் கேட்டார். கொடுத்தேன். ஆச்சிமார் கேட்டால் நாங்களே எழுதிக் கொடுப்பது வழக்கம். அதனால் பேனாவை எடுத்தேன். அவர் கையை நீட்டிப் பேனாவை வாங்கிக்கொண்டார்.

பெஞ்சில் உட்கார்ந்து, படிவத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு, ஆங்கிலத்தில் ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். எழுத்துகள் கோணலாக இருந்தன, ஆனால் ஒன்றுகூடத் தப்பில்லை. இந்த ஒரு வருடத்தில் ஒரு வாத்தியாரம்மாவை வீட்டுக்கு வரவழைத்துக் கற்றுக்கொண்டதாக அவருடைய மாமியார் பிறகு சொன்னார். புதுவயலில் இருக்கிற தாயாருக்கு, நல்லபடியாக வந்து சேர்ந்தேன் என்று செய்தி. கீழே அனுப்பியவர் பெயர், விலாச எழுத்துகளோடு.

வாங்கிய தந்தியை அனுப்புகிறவருக்கு ஒருமுறை வாசித்துக் காட்டிச் சரிபார்ப்பது என் வழக்கம்.

"வாசிச்சுக் காட்டட்டுமா ஆச்சி?"

"வேணாம்" என்றார். "எழுதியிருக்கிறபடியே அனுப்புங்க."